சோறு குறைந்த தட்டில் டோஃபு

"டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொல்லிட்டார். நாங்க சைவம். முட்டைகூடத் தொட மாட்டோம். அப்புறம் எதைத்தான் சாப்பிடறது?"

சர்க்கரை வியாதி எட்டிப் பார்த்த வீடுகளில் எல்லாம் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான் சகோதரிகளே! நம் வீட்டுச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம், ராத்திரி தோசை அல்லது உப்புமா. பெயர்தான் மாறுகிறது, வயிற்றுக்குள் போவதில் பெரும்பகுதி மாவுச்சத்துதான். பருப்பு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அதிலும் மாவுச்சத்து உண்டு. அதுவும் ஒரு கரண்டி சாம்பாரில் எத்தனை பருப்பு இருந்துவிடப் போகிறது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில், சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் ஓர் ஆய்வு நடத்தியது. நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக 2023-இல் அது கணக்குச் சொன்னது. அதே ஆய்விலிருந்து 2022-இல் வந்த இன்னொரு முடிவு நமக்கு ரொம்ப உபயோகம். வியாதி புதிதாகக் கண்டவர்கள் அதிலிருந்து மீள வேண்டுமானால், சாப்பாட்டில் கிடைக்கும் சக்தியில் மாவுச்சத்து சுமார் 49 முதல் 54 சதவிகிதமும், புரதம் 19 முதல் 20 சதவிகிதமும் இருக்கலாம் என்கிறார்கள். சோற்றை அடியோடு நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? ஒன்றைக் குறைத்து, இன்னொன்றைக் கூட்டச் சொல்கிறார்கள். நம்மில் பலர் குறைப்பதோடு நின்றுவிடுகிறோம். மதியம் ஒரு கைப்பிடிச் சோறும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டு எழுந்தால், நாலு மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறக்காமல் என்ன செய்வார்கள்?

சோறு விட்ட இடத்தில் உட்கார, பசி தாங்கும் ஒரு பொருள் வேண்டும். அதற்கு டோஃபு நல்ல கை கொடுக்கும். கடைகளில் 'சோயா பனீர்' என்றும் சொல்வார்கள். சோயாப் பாலைத் திரித்துக் கட்டியாக்கியது. சீனாவில் பிறந்து, புத்த மடங்களின் சைவச் சமையலில் பல நூறு வருஷங்களாகப் பேர் வாங்கிய பண்டம். ஒரு கிண்ணம் சோற்றில், அதாவது சுமார் 150 கிராமில், 40 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கும். 100 கிராம் கெட்டி டோஃபுவில் மாவுச்சத்து 2, 3 கிராம்தான். புரதமோ 10 முதல் 15 கிராம் வரை கிடைக்கும். பால் பனீரைவிடக் கொழுப்பும் குறைச்சல்.

"ஐயோ, ருசியே இல்லையே, வெறும் சப்பு!" என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெறும் இட்லிக்கு மட்டும் என்ன ருசி? மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும்தானே அதைத் தூக்கி நிறுத்துகின்றன! டோஃபுவுக்குள் நிறையத் தண்ணீர் நிற்கிறது. அதை வெளியேற்றினால்தான் உப்பும் காரமும் உள்ளே போகும். சுத்தமான வேட்டித் துணியில் சுற்றி, சாய்த்த தட்டில் வைத்து, மேலே தண்ணீர் நிரப்பிய ஒரு சொம்பை அரை மணி நேரம் வையுங்கள். அவசரமென்றால், துண்டு போட்டு, உப்புப் போட்ட கொதிநீரில் பத்து நிமிஷம் ஊறவிட்டு, வடித்துத் துடைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொடிமாஸ். மூன்று பேருக்கு 200 கிராம் டோஃபு. தண்ணீர் பிழிந்து கையால் உதிர்த்துக்கொள்ளுங்கள். வாணலியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ஒரு வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி வதக்குங்கள். மஞ்சள்தூள், உப்பு, டோஃபு போட்டு ஐந்து நிமிஷம் ஈரம் வற்றப் பிரட்டுங்கள். இறக்கியதும் ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், அரை மூடி எலுமிச்சைச் சாறு. அவ்வளவுதான்!

அடுத்தது புளிக்குழம்பு. டோஃபுவைச் சதுரமாக நறுக்கி, தோசைக்கல்லில் சிறிது நல்லெண்ணெய் விட்டுச் சிவக்கத் திருப்பி எடுங்கள். வழக்கமான குழம்பு கொதித்து வற்றி வரும்போது போட்டு, சின்ன தீயில் பத்து நிமிஷம் விடுங்கள். வெல்லம் வேண்டாம். கெட்டியாக்க அரிசிமாவு கரைத்து விடாதீர்கள். கொஞ்சம் தேங்காய் அரைத்து விட்டால் போதும். காலையில் வைத்த குழம்பு ராத்திரிக்கு இன்னும் ருசி.

ஓட்டல் பாணியில் சோளமாவில் புரட்டிப் பொரிப்பதும், பாட்டில் சாஸ் ஊற்றுவதும் நமக்கு வேண்டாம். மாவும் சர்க்கரையும் முன்வாசலில் போய்ப் பின்வாசலில் வந்த கதையாகிவிடும்.

இதில் ருசியைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. என் மாமியாருக்குச் சர்க்கரை என்று தெரிந்து, டாக்டர் கொடுத்த சாப்பாட்டுப் பட்டியலை நான் படித்துக் காட்டியபோது, அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இனிமே எனக்குத் தனிச் சமையலாம்மா?" எழுபது வயதில், நாற்பது வருஷம் இந்த வீட்டுக்கே பரிமாறிய கை அது. "இல்லே அத்தை, எல்லாருக்கும் ஒரே கறிதான்" என்றேன். அப்படியேதான் நடக்கிறது. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு டோஃபு அல்லது பருப்பு, மீதிக் கால் பங்கு சோறு என்பது பெரியவர்களுக்கு. அதே பொடிமாஸோடு குழந்தைகள் வழக்கம்போல் சோறு சாப்பிடுகிறார்கள். வித்தியாசம் சோற்றுக் கரண்டியில் மட்டும்தான். வளரும் பிள்ளைகளுக்குச் சோற்றைக் குறைக்கும் வேலையே வேண்டாம்.

சில எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், டாக்டரிடம் சொல்லாமல் சோற்றைக் குறைக்கக் கூடாது. மருந்து அதே அளவில் இருக்க, சாப்பாடு குறைந்தால், சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும். வேர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் கண்டால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை சாப்பிடுவோருக்குச் சோற்றை அடியோடு நிறுத்துவது ஆபத்து. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், புரதம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டுதான் கூட்டலாம். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள், அதற்கு மூன்று நான்கு மணி நேரம் கழித்து டோஃபு சாப்பிடட்டும். சோயா அந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் உடம்பு இளைக்க வேண்டுமென்று தாங்களாகச் சோற்றை விடவே கூடாது. சோயா ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. முதல் நாள் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பாருங்கள்.

பிரித்த டோஃபுவைத் தண்ணீரில் மூழ்க வைத்து, ஃபிரிட்ஜில் தினமும் தண்ணீர் மாற்றி வையுங்கள். மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். வழவழப்போ புளிப்பு வாடையோ வந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

வீட்டிலேயே சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால், வழக்கமான சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு நாளும், இந்தப் பொடிமாஸ் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு நாளும் பார்த்து, காலண்டரில் குறித்து வையுங்கள். டாக்டரிடம் அதைக் காட்டினால் மருந்தின் அளவைப் பற்றிப் பேச அவருக்கும் வசதி. வீட்டில் டோஃபு செய்யும்போது மிஞ்சும் சோயாச் சக்கையை வீசிவிடாதீர்கள். அதில் மொறுமொறுவென்று அடை வார்க்கலாம். பக்குவம் அடுத்த இதழில்!