பதினாறில் ஒரு ஏக்கரும் பத்து மிளகாய்ச் செடியும்

பெட்டாலிங் ஜெயாவில் சுங்கை வேயின் மலிவு விலை அடுக்குமாடிகளில் காலை நேரத்தில் ஒரு சுற்று நடந்தால், ஏதாவது ஒரு வீட்டு வாசலில் மிளகாய்ச் செடி கண்ணில் படும். பழைய பெயிண்ட் வாளியிலோ, அடியில் ஓட்டை போட்ட எண்ணெய் டின்னிலோ, மண் நிரப்பிய அரிசிப் பையிலோ அது நிற்கும். பக்கத்தில் துணையாகக் கறிவேப்பிலையும் துளசியும் இருக்கும். கீழே கால்வாய் ஓரத்தில் யாரும் விதைக்காத ஊசி மிளகாய் காய்த்துத் தொங்கும். பறவைகளுக்கு மிளகாய்க் காரம் உறைப்பதில்லை. பழத்தை விழுங்கி, விதையை எச்சத்தோடு போட்டுவிட்டுப் பறந்துவிடும்.

பறவைக்குக் கிடைக்கும் அந்த ஒரு சாண் மண், அடுக்குமாடியில் குடியிருக்கும் குடும்பத்துக்குச் சட்டப்படி கிடைப்பதில்லை. அது கிடைக்க வேண்டும்.

இப்படிக் கேட்பது புதிய சலுகையும் அல்ல. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குடும்பத்தோடு வாழும் தோட்டத் தொழிலாளிக்குப் பயிரிடவும் மாடு மேய்க்கவும் பதினாறில் ஒரு பங்கு ஏக்கர் நிலத்தைத் தோட்ட நிர்வாகம் ஒதுக்க வேண்டும் என்றது. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 2,700 சதுர அடி. எல்லாத் தோட்டங்களும் அதை ஒழுங்காகக் கொடுத்தன என்று சொல்ல முடியாது. ஆனாலும் லயத்து வீடுகளின் பின்புறம் முருங்கை, கத்தரி, வெண்டை, மிளகாய் என்று ஒரு பச்சைக் காடு இருந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். கூலி குறைந்த மாதங்களில் குழம்புச் சட்டியைக் காப்பாற்றியது அந்தக் கொல்லைதான்.

பெட்டாலிங் ஜெயாவைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. 1970களின் தொடக்கத்தில் சுங்கை வேயில் தடையற்ற வர்த்தக மண்டலம் வந்தது. பால் மரம் சீவியவர்களின் பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினார்கள். வேலை மாறியது, வீடு மாறியது. 650, 700 சதுர அடியில் மூன்று அறை கிடைத்தது. கொல்லை மட்டும் எந்தக் கணக்கிலும் வராமல் போனது.

இதைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. மலேசியர்கள் சாப்பிடும் மிளகாயில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. பச்சையாகத் தாய்லாந்திலிருந்தும் வியட்நாமிலிருந்தும், காய்ந்ததாக இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் இறங்குகிறது. 2021ஆம் ஆண்டின் கடைசியில் காய்கறி விலை எகிறியபோது, பசார் மாலாமில் ஒரு பிடி மிளகாய் வாங்கவும் கை யோசித்தது. அன்றைய பிரதமர் துன் அப்துல் ரசாக் 1974இல் ‘பசுமைப் புத்தகம்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, வீட்டைச் சுற்றிக் காய்கறி போடச் சொன்னதும் விலைவாசி ஏறிய காலத்தில்தான். பத்துச் செடியால் நாட்டின் இறக்குமதி குறையாது. ஆனால் ஒரு வீட்டின் சம்பாலுக்கும் ரசத்துக்கும் அது தாராளம்.

விதையிலிருந்து தொடங்குவதுதான் இதில் மலிவான வழி. நன்றாகப் பழுத்துச் சிவந்த ஓர் ஊசி மிளகாயைப் பிளந்து, விதையை நிழலில் இரண்டு நாள் உலர்த்தினால் போதும். கடையில் வாங்கும் பெரிய சிவப்பு மிளகாய் பலவும் கலப்பின விதையில் விளைந்தவை. அவற்றின் விதை தாயைப் போலவே காய்க்கும் என்ற உறுதி இல்லை. ஊசி மிளகாய் பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை. முட்டை அட்டையின் குழிகளில் தேங்காய் நார்த்தூளும் மக்கிய உரமும் கலந்து நிரப்பி, குழிக்கு இரண்டு விதை, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போட வேண்டும். ஐரோப்பாவில் இதே விதைக்குக் குளிர்காலத்தில் சூடேற்றும் தட்டு வைக்கிறார்கள். இங்கே வருடம் முழுக்க இயற்கையே அந்தச் சூட்டைத் தருகிறது.

ஒரு வாரம், பத்து நாளில் மண் லேசாக வெடிக்கும். முதலில் கொக்கிபோல் வளைந்த வெள்ளைத் தண்டு தெரியும். அது மெல்ல நிமிரும்போது, விதைத்தோல் தொப்பி மாதிரி தலையில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். பிள்ளைகளின் விரல் அதைப் பிய்த்தெடுக்கத் துறுதுறுக்கும். பிய்த்தால் உள்ளிருக்கும் இரண்டு இலையும் சேர்ந்து கிழியும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஊறவைத்தால் மறுநாள் தானே கழன்று விழும். நாற்றுகள் அதிகம் சாவது தாகத்தால் அல்ல, அன்பு மிகுதியால் ஊற்றும் தண்ணீரால்தான். தண்டின் அடி அழுகி ஒரே இரவில் சாய்ந்துவிடும். நாலைந்து உண்மையான இலை விட்டதும் பெரிய பைக்கு மாற்றினால், விதைத்த மூன்று மாதத்தில் பச்சைக்காய் பறிக்கலாம்.

அடுக்குமாடி நடைபாதைக்கு ஒரு வசதியும் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கின் பிற்பகல் அடைமழை மிளகாய்க்கு எதிரி. பூ கொட்டும், மண் தெறித்துக் காயில் அழுகல் நோய் பரவும். கூரைக்குக் கீழே நிற்கும் செடிக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் மழை அடிக்காத இடத்தில் இலைப்பேன் பெருகும். இலை சுருண்டால் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். வெயிலும் இடம் மாறும். நடு ஆண்டில் வடக்குப் பார்த்த நடைபாதைக்கும், ஆண்டுக் கடைசியில் தெற்குப் பார்த்த நடைபாதைக்கும் அது சாயும். ஆறு மணி நேர வெயில் வேண்டிய செடி, பாதி வருடம் நிழலில் ஏங்கும்.

நடைபாதையில் செடி வைக்க விட அடுக்குமாடி நிர்வாகங்கள் தயங்குவதற்கும் காரணங்கள் உண்டு. அவற்றை அலட்சியமாகத் தள்ளக் கூடாது. நடைபாதை எல்லோருக்கும் பொது. தீ பிடித்தால் அதுதான் தப்பும் வழி. 2018 ஜனவரியில் பந்தாய் டாலாம் அடுக்குமாடியில் மேலிருந்து விழுந்த நாற்காலி ஒன்று 15 வயதுப் பையனின் உயிரைப் பறித்தது. அதற்குப் பிறகும் கைப்பிடிச் சுவர் மேல் தொட்டி வைப்பதை யாரும் நியாயப்படுத்த முடியாது. டெங்கி ஓயாத சிலாங்கூரில், தொட்டியடித் தட்டில் நிற்கும் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். தட்டே வேண்டாம், வைத்தால் மணல் நிரப்பி வைக்கலாம்.

இந்தக் காரணங்கள் எல்லாம் செடியைத் தரைக்குக் கொண்டுவரச் சொல்கின்றனவே தவிர, செடியே வேண்டாம் என்று சொல்லவில்லை. பல அடுக்குமாடிகளில் கார் நிறுத்தும் இடத்துக்கும் வேலிக்கும் நடுவே, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், யாருக்கும் பயன்படாத நீள்துண்டு நிலம் கிடக்கிறது. அதில் வெயில் விழும் பகுதியை அளந்து, வீட்டுக்குப் பத்துப் பை வைக்க இடம் எண் போட்டுக் கொடுக்கலாம். தண்ணீர்க் குழாய் ஒன்று, கருவிகளுக்குப் பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று. பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றம் மக்கும் குப்பையை உரமாக்கித் தரலாம். தமிழ்ப்பள்ளி நாலாம் ஆண்டுப் பிள்ளைகள் முட்டை அட்டையில் நாற்று வளர்த்து வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

கூட்டு நிர்வாகக் குழுவின் ஆண்டுக் கூட்டத்தில் மின்தூக்கியும் பராமரிப்புக் கட்டணமும் பேசப்படும், பேசப்பட வேண்டியவைதான். அடுத்த கூட்டத்துக்கான பட்டியலில் இந்த நிலத்தையும் குடியிருப்பாளர்கள் எழுதிக் கொடுக்கட்டும். அதற்குள் முட்டை அட்டையில் விதை போட்டுவிட்டால், இடம் கிடைக்கும் நாளில் நாற்றும் தயாராக இருக்கும்.