மொட்டை மாடியில் மின்சாரம், வீட்டுக்குள் சேமிப்பு: தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்

சோலார் பேனல் வெயில் உள்ள நேரத்தில் மட்டுமே மின்சாரம் தரும். தமிழ்நாட்டு வீடுகளில் மின்சாரம் அதிகம் செலவாவதோ பொழுது சாய்ந்த பிறகு. விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி, படுக்கையறை ஏசி என்று இரவு 7 மணிக்குமேல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கும்போது மாடியில் பேனல் ஓய்ந்து கிடக்கும். பகலில் விளைவதை இரவுக்கு எடுத்துவைக்கும் ஏற்பாடு வீட்டில் இல்லாவிட்டால், மாடி முழுக்கப் பேனல் பதித்தாலும் இரவில் அந்த வீடு மின்வாரியக் கம்பியை நம்பியே இருக்கும். ஆகவே பேனல் போட எண்ணும் குடும்பங்கள் ஒரு சிறிய பேட்டரியையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். ஏற்கெனவே பேனல் போட்டவர்கள் பேட்டரிக்கு வழி பார்க்க வேண்டும். குடியிருப்போரும் மின் நுகர்வோரும் சேர்ந்த இந்தக் குழு சக குடிமக்கள்முன் வைக்கும் வேண்டுகோள் இதுவே.

மாடியில் பேனல் இருந்தால் கரண்ட் கட்டே கிடையாது என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மையில்லை. பெரும்பாலான வீடுகளில் பொருத்தப்படுவது 'ஆன்-கிரிட்' வகை இன்வெர்ட்டர். தெருக்கம்பியில் வரும் மின்சாரத்தின் அழுத்தத்தையும் அலைவெண்ணையும் பார்த்து, அதோடு ஒத்திசைந்துதான் அது இயங்கும். தெருவில் மின்சாரம் நின்றதும் சில நொடிகளுக்குள் தானும் நின்றுவிடும். இது குறைபாடு இல்லை. வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு. ஒரு வீட்டின் பேனலிலிருந்து தெருக்கம்பிக்கு மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்தால், கம்பம் ஏறிப் பழுதுபார்க்கும் ஊழியரின் உயிர் போய்விடும். எனவே உச்சிவெயிலில் மின்தடை வந்தாலும், பேனல் கொதித்துக்கொண்டிருக்க, கீழே மின்விசிறி சுற்றாது. மின்தடையின்போது வீட்டைத் தெருக்கம்பியிலிருந்து துண்டித்து, பேனலையும் பேட்டரியையும் கொண்டு தனித்து ஓட்டும் திறன் 'ஹைப்ரிட்' வகை இன்வெர்ட்டருக்கு உண்டு. பேனல் வாங்கும்போதே இன்வெர்ட்டரை ஹைப்ரிடாக வாங்கிவிட்டால், பேட்டரியைப் பிறகு கையில் பணம் சேரும்போது இணைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு முடிவை ஆரம்பத்திலேயே எடுக்கத் தவறுவோருக்குப் பின்னால் முழு இன்வெர்ட்டரையும் மாற்ற நேரிடலாம்.

இதன் அருமை கடலோர மாவட்டங்களுக்கு நன்றாகத் தெரியும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருண்டு கிடந்தன. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. டெல்டாவின் உட்கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரங்கள் ஆயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, வெள்ளம் சூழ்ந்த தெருக்களில் உயிர்ச்சேதம் நேராதிருக்க மின்சாரம் நிறுத்திவைக்கப்பட்டது. இப்படிப்பட்ட நாள்களில் வெளிச்சம் போவது மட்டுமா பிரச்சினை? மோட்டார் ஓடாததால் தொட்டியில் தண்ணீர் இருக்காது, செல்பேசி அணைந்துபோகும், ஃப்ரிட்ஜில் வைத்த இன்சுலின் கெடக்கூடும், நெபுலைசரை நம்பியிருக்கும் ஆஸ்துமா நோயாளிக்கு இரவு முழுவதும் அச்சம்தான். புயல் கடந்த ஓரிரு நாளில் வெயில் வந்துவிடும், கம்பங்கள் நிமிர்வதற்குத்தான் நாளாகும். அந்த இடைவெளியைத் தாண்ட ஒரு வீட்டுக்குத் தேவைப்படுவது பெரிய மின்நிலையம் ஒன்றுமில்லை. சில யூனிட் சேமிப்புதான்.

மாநிலத்தின் மின்தேவையை வைத்துப் பார்த்தாலும் சேமிப்பின் பக்கமே நியாயம் இருக்கிறது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கமுதி போன்ற இடங்களின் சூரிய மின்நிலையங்கள் பகல் தேவையில் கணிசமான பங்கைச் சுமக்கின்றன. மாலை 6 மணிக்குமேல் அவை ஓய, அதே நேரத்தில் வீடுகளின் தேவை ஏறுகிறது. பற்றாக்குறையைச் சமாளிக்க மின்சந்தையில் வாங்கும்போது யூனிட் விலை அங்கு அனுமதிக்கப்பட்ட உச்சமான 10 ரூபாய்வரை போவதுண்டு. இதன் மறுபக்கத்தை இலங்கை பார்த்தது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் ஆலைகளும் அலுவலகங்களும் மூடியிருக்க, பகலில் மின்தேவை விழுந்தது. கட்டமைப்பு நிலைகுலையாதிருக்கக் கூரை சோலார் வைத்திருப்போர் அவற்றைப் பகலில் நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. நல்ல வெயில் காயும் நாளில் பேனலை அணைத்துவைப்பது எவ்வளவு பெரிய இழப்பு! வீடுதோறும் கொஞ்சம் சேமிப்பு இருக்குமானால் நண்பகலின் மிகுதி இரவின் குறைக்கு ஈடாகும்.

கரண்ட் பில் விஷயத்தில் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு 500 யூனிட் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலி. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 500க்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட்டுக்கும் சலுகை விலை உண்டு. 500ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். 2022 செப்டம்பரில் வந்த கட்டண அமைப்பின்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். பத்தே யூனிட் கூடியதற்கு 305 ரூபாய் கூடுகிறது. அதன்பின் விலைகள் சற்று ஏறியிருக்கின்றன. கோடையில் ஏசி ஓடும் வீடு இந்த வேலியைத் தாண்டுவது மிக எளிது. 1 கிலோவாட் பேனல் தமிழ்நாட்டு வெயிலில் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும் என்று கொண்டால், 2 கிலோவாட் பேனல் இரண்டு மாதத்தில் சுமார் 480 யூனிட் தரும். 600 யூனிட் செலவாகும் வீட்டில், வாங்கும் மின்சாரத்தையும் தெருக்கம்பிக்குக் கொடுக்கும் மின்சாரத்தையும் அளக்கும் இருவழி மீட்டர் கழித்துக் காட்டியபின் மிஞ்சுவது 120 யூனிட்தான். ஆகவே பல நடுத்தரக் குடும்பங்களுக்கு 2 கிலோவாட்டே போதும். 5 கிலோவாட் போட்டால்தான் மரியாதை என்று விற்பனையாளர் சொல்வதைக் கேட்டுத் தேவைக்குமேல் பணம் முடக்க வேண்டியதில்லை.

பேனலுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பழைய மின்விசிறி ஒன்று ஏறத்தாழ 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. வகை மின்விசிறி அதே காற்றை 30 வாட்டில் தரும். மூன்று விசிறியை மாற்றினால் தேவைப்படும் பேட்டரியின் அளவே குறையும். அடுத்து, நேரம் மாற்றுவது. தண்ணீர் மோட்டார், மாவு அரைக்கும் கிரைண்டர், வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றைக் காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணிக்குள் ஓட்டினால் அவை நேராகப் பேனலிலிருந்தே ஓடும். நண்பகலில் நிரப்பிய மேல்தொட்டி, இரவில் மோட்டார் போடும் தேவையை நீக்கிவிடும். செலவில்லாத சேமிப்பு இதுதான்.

பேனலுக்கு மாடியில் 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லா இடம் வேண்டும். தெற்குப் பார்த்து, 10 முதல் 13 பாகைச் சாய்வில் வைப்பது இந்த அட்சரேகைக்குப் பொருந்தும். பேனல்கள் வரிசையாக இணைக்கப்படுவதால், ஒரு பேனல்மேல் விழும் தென்னங்கீற்றின் நிழல்கூட மற்றப் பேனல்களின் உற்பத்தியையும் இழுத்துவிடும். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் மார்கழியில் எங்கே விழுகிறது என்பதையும் பார்த்துத்தான் இடம் குறிக்க வேண்டும். வற்றல் காயவைக்கவும் துணி உலர்த்தவும் மாடி தேவைப்படும் வீடுகளில், ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் சட்டம் எழுப்பி அதன்மேல் பேனல் பதிக்கிறார்கள். செலவு கூடும், ஆனால் மாடி கையைவிட்டுப் போகாது, கீழ் அறைகளின் சூடும் தணியும். உயரம் கூடக் கூடக் காற்றின் விசையும் கூடும் என்பதை மறக்கலாகாது. இந்தியத் தர நிர்ணயப்படி சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். சட்டம் அதைத் தாங்குமாறு கணக்கிடப்பட்டதா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு, தளத்தோடு பிணைத்த கான்கிரீட் கட்டைகள், பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் இடிதாங்கிக்கும் தனித்தனி எர்த்திங் ஆகிய இவற்றில் எதையும் விலைக்காக விட்டுக்கொடுக்கக் கூடாது.

பராமரிப்பு சுலபம். தூசியும் காக்கை எச்சமும் படிந்தால் உற்பத்தி குறையும். அதிகாலையில், பேனல் சூடேறும் முன், மென்மையான துணியால் கழுவ வேண்டும். உப்புக் கனத்த போர்த் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் கண்ணாடியில் வெள்ளைத் திட்டுகள் படியும். அவை பிறகு எளிதில் போவதில்லை. நல்ல தண்ணீர் இல்லாத இடத்தில் கழுவியவுடன் துடைத்துவிட வேண்டும்.

பேட்டரியின் அளவை முடிவுசெய்ய வீட்டின் இரவுத் தேவையைக் கணக்கிட்டால் போதும். 30 வாட் மின்விசிறி மூன்று 9 மணி நேரம், 20 வாட் டியூப் லைட் மூன்று 5 மணி நேரம், ஃப்ரிட்ஜ், இணைய மோடம், இரண்டு மணி நேரத் தொலைக்காட்சி எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 2 யூனிட்தான் வரும். பல வீடுகளில் ஏற்கெனவே உள்ள 150 ஆம்பியர்-மணி டியூபுலர் ஈய பேட்டரி ஒன்றில் 1.8 யூனிட் இருக்கும். ஆனால் அதைப் பாதிக்குமேல் அடிக்கடி காலிசெய்தால் ஆயுள் குறைந்துவிடும். 5 யூனிட் கொள்ளளவுள்ள லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 4 யூனிட்டைத் தயக்கமின்றி எடுக்கலாம். மேலே சொன்ன இரவுத் தேவைக்கு இரு மடங்கு அது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலையும் இல்லை. ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். விலை அதிகம், ஆயினும் நான்கைந்து ஆண்டுக்கொருமுறை ஈய பேட்டரி மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் லித்தியமே மேல். எந்த வகையாயினும் வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில், வெள்ளம் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். மாடிப்படிக்குக் கீழே, தரையோடு தரையாக வைத்த பேட்டரி முதல் வெள்ளத்திலேயே போய்விடும்.

பேட்டரியோடு முழு வீட்டையும் இணைப்பது வீண். கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, ஏசி ஆகியவை பேட்டரியை ஓரிரு மணி நேரத்தில் உறிஞ்சிவிடும். எலக்ட்ரீஷியனைக் கொண்டு விசிறி, விளக்கு, ஃப்ரிட்ஜ், மோடம், ஒரு செல்பேசி பிளக் ஆகியவற்றைத் தனி டிபி பெட்டிக்குப் பிரித்து, அதை மட்டும் இன்வெர்ட்டரின் பேட்டரிப் பக்கத்தோடு இணைக்க வேண்டும்.

பண விஷயத்தில் ஒளிவுமறைவு கூடாது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மானியம் தருகிறது. உச்சவரம்பு 78,000 ரூபாய். பேட்டரிக்கு இதில் மானியம் இல்லை. மிகுதி மின்சாரத்தை மின்வாரியம் பில்லில் கழித்துத் தருவதால், பில் குறைவதன் பெரும்பங்கு பேனலாலேயே கிடைக்கிறது. பேட்டரி போட்ட பணத்தை பில் மூலம் விரைவில் திரும்ப எடுப்பது கடினம். பேட்டரிக்குக் கொடுக்கும் விலை மின்தடைக் காலத்தின் பாதுகாப்புக்கான விலை. அதனால்தான் சிறியதாகப் போதும் என்று இந்த வேண்டுகோள் சொல்கிறது. முதியோரும் கைக்குழந்தையும் நோயாளியும் உள்ள வீடுகள் அதைத் தள்ளிப்போடாதிருப்பது நல்லது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு ஆகியவற்றின் பொது இணைப்புக்கு அதே திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. சங்கப் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு இதைத் தொடங்கலாம். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது தமிழ்நாட்டின் மாடிகளெல்லாம் குறுகிய காலத்தில் குழாய் பூண்டன. கூட்டாக முடிவெடுத்தால் மாடிகளை மாற்றுவது இம்மாநிலத்துக்குப் புதிதில்லை. வாடகை வீட்டில் இருப்போர் பழைய இன்வெர்ட்டர்-பேட்டரியோடு ஒரு சார்ஜ் கன்ட்ரோலரும் ஒரு பேனலும் சேர்த்துப் பகலில் சூரிய ஒளியால் ஏற்றிக்கொள்ளலாம். இதற்கு மானியம் கிடையாது. ஆனால் வீடு மாறும்போது கழற்றி எடுத்துப்போகலாம்.

மானியத்துக்கான விண்ணப்பம் பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின் தேசிய இணையதளத்தில், மின் இணைப்பு எண்ணைக் கொண்டு செய்யப்படுகிறது. 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பல வீடுகளில் இணைப்பு இன்னும் இறந்துபோன தந்தையின் பெயரிலேயே இருக்கும். பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிட்டால் பின்னால் மானியம் தடைபடாது. பதிவுபெற்ற விற்பனையாளரிடம் மட்டுமே வேலையை ஒப்படைக்க வேண்டும். மானியத்துக்கு இந்தியாவில் தயாரான செல்கள் கொண்ட பேனல் கட்டாயம். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காமல், இருவழி மீட்டர் பொருத்திச் சோதித்த பிறகு கடைசித் தவணையைக் கொடுப்பது நல்லது. மானியம் அதன்பின் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். ஆயுள் முடிந்த பேட்டரியைக் காயலான் கடையில் போடக் கூடாது. அதன் ஈயமும் அமிலமும் மண்ணைக் கெடுக்கும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. புதியது வாங்கும்போதே பழையதைத் திருப்பி ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும்.