அது வயர் இல்லை, குழாய்

பாகூர்ப் பக்கம் என் அக்காள் மகனிடம் பழைய மாஸி பெர்குசன் 35 டிராக்டர் ஒன்று இருக்கிறது. அதில் 'ஹீட் மீட்டர்' ஊசி மந்தமாக ஏறுகிறது என்று ஒரு பட்டறையில் விட்டான். மீட்டரின் பின்னாலிருந்து எஞ்சினுக்குப் போகும் மெல்லிய இழையை மெக்கானிக் பார்த்தார். மேலே சுருள் கம்பி சுற்றியிருந்தது. "வயர் போயிருக்கும்" என்று நடுவில் வெட்டினார். முனைகளைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

அதோடு ஊசி குளிர்ந்த பக்கமே படுத்துவிட்டது. பையனும் எஞ்சின் சூடாகவில்லை என்று நம்பிச் சேற்று உழவு ஓட்டினான். தண்ணீர் கொதித்து வற்றி, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. "மாமா, வயர்தானே என்றார், நானும் சரி என்றேன்" என்கிறான்.

எல்லோரும் மெக்கானிக்கைத் திட்டுகிறார்கள். எனக்கு அந்த 'வயர்' என்ற சொல் மேல்தான் கோபம்.

அது மின்கம்பியே இல்லை. தலைமயிர் நுழையும் அளவுக்குத் துளை உள்ள செம்புக் குழாய். கேப்பிலரி என்பது அதன் பெயர். எஞ்சின் தண்ணீரில் முங்கியிருக்கும் முனை பல்பு. வெளிச்சம் தரும் பல்பு அல்ல, ஈதர் போல எளிதில் ஆவியாகும் திரவம் அடைத்த குமிழ். தண்ணீர் சூடானால் குமிழுக்குள் அழுத்தம் ஏறும், குழாய் வழியாக மீட்டருக்கு வரும். அங்கே வளைந்த தட்டைக் குழாய் ஒன்று அழுத்தத்தில் நிமிரப் பார்க்கும், ஊசி நகரும். அந்த வளைந்த குழாய்க்கு 1849இல் காப்புரிமை பெற்றவர் எழேன் பூர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர். எங்கள் பள்ளியில் மனோமேத்ர் பாடத்தில் அவர் பெயரை ஒப்பித்திருக்கிறேன், டிராக்டரில் சந்திப்பேன் என்று அப்போது யார் கண்டது! குமிழ், குழாய், மீட்டர் மூன்றும் ஒரே உடம்பு. வெட்டினால் அழுத்தம் போயிற்று. சாதாரணப் பட்டறையில் ஒட்ட முடியாது, முழுதாக மாற்ற வேண்டியதுதான்.

பின்னால் வந்த டிராக்டர்களில் நிஜமாகவே வயர் உண்டு. அதன் முனையில் எஞ்சினில் திருகியிருப்பது சென்டர் யூனிட். சூடேற ஏற அதன் மின்தடை குறையும். இங்கே மீட்டர் வேறு, சென்டர் வேறு. ஒன்றை மட்டும் மாற்றலாம். பிரெஞ்சில் இதைச் 'சோந்த்' என்பார்கள். கடலில் ஆழம் பார்க்க இறக்கும் ஈயக்குண்டுக்கும் அதே சொல். உள்ளே இறங்கிப் பார்த்துச் சொல்லும் ஆள் என்று பெயரிலேயே தெரிகிறது.

இதையும் தெர்மோஸ்டாட்டையும் குழப்புகிறவர்கள்தான் அதிகம். தெர்மோஸ்டாட் எதையும் காட்டாது. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மறிக்கும் கதவு அது. கடையில் "ஹீட் சமாச்சாரம் ஒன்று கொடுங்க" என்றால் இந்த மூன்றில் எது வேண்டுமானாலும் கைக்கு வரும். அலுவலகத்தில் இன்டென்ட் எழுதிய காலத்தில் இப்படி வந்த சாமான்களை அலமாரி நிறையப் பார்த்தவன் நான்.

எல்லாவற்றுக்கும் தனித்தமிழ்ப் பெயர் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேப்பிலரி என்றாலும் சரி, 'சூட்டுக் குழாய்' என்றாலும் சரி. குழாயை வயர் என்னாமல் இருந்தால் போதும். குழாய் என்று தெரிந்திருந்தால் கட்டிங் பிளேயரை எடுத்திருப்பாரா?

புது மீட்டர் வாங்கப் பையன் கிளம்பியபோது இரண்டு அளவுகளை எழுதிக் கொடுத்தேன்: குழாயின் நீளம், குமிழ் திருகும் இடத்தின் மரை அளவு. கூடவே வெட்டுப்பட்ட பழசையும் பையில் போட்டு அனுப்பினேன்.