துப்பாக்கியின் எடையைக் குறைத்தார்கள், உறையை மறந்தார்கள்

2014 ஜனவரியில் கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. .32 அளவுக் குண்டு, டைட்டானியக் கலப்பு உலோகம், ஏறத்தாழ 500 கிராம் எடை, 1,22,360 ரூபாய் விலை. 2012 டிசம்பர் 16 அன்று தில்லியில் ஓடும் பேருந்தில் வன்கொடுமைக்கு ஆளாகிப் பின்னர் உயிரிழந்த மாணவிக்கு ஊடகங்கள் ‘நிர்பயா’ என்று பெயரிட்டிருந்தன. அந்தப் பெயரின் நிழலில்தான் இந்தத் துப்பாக்கியின் பெயரும் பிறந்தது. இரண்டு சொற்களுக்கும் பொருள் ஒன்றே: அச்சமற்ற. பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ள ஏற்றது என்று விளம்பரப்படுத்தப்பட்ட அந்த ஆயுதம், நகைப்பெட்டியை ஒத்த அடர்சிவப்புப் பேழையில் வைத்து விற்கப்பட்டது.

அன்று எழுந்த விவாதம் இரண்டு கேள்விகளைச் சுற்றியே நடந்தது. பெண்கள் துப்பாக்கி ஏந்துவது தீர்வாகுமா? அந்த விலையை எத்தனை பெண்களால் கொடுக்க முடியும்? இரண்டும் நியாயமான கேள்விகள். ஆயினும் அவற்றைவிட எளிய மூன்றாவது கேள்வி விவாதத்தின் ஓரத்தில்கூட இடம்பெறவில்லை. பேழையிலிருந்து எடுத்த பிறகு அந்த ரிவால்வர் அவள் உடலில் எங்கே இருக்கும்?

இக்கேள்வி அற்பமானதன்று, சட்டமே இதைக் கேட்கிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியைக் கொண்டு செல்பவர் அதற்கென்றே செய்யப்பட்டு உடலோடு பிணைக்கப்பட்ட உறையிலோ, முதுகுப்பை போன்ற ஒன்றிலோ வைத்திருக்க வேண்டும். அது முழுவதும் மறைந்திருக்க வேண்டும். அதே வேளையில் அவரது பயனுள்ள கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். மறைவு, கட்டுப்பாடு என்ற இவ்விரு நிபந்தனைகளும் ஒன்றையொன்று எதிர்த்திசையில் இழுப்பவை. ஆழ மறைத்தால் கைக்கு எட்டாது. கைக்கு எட்டும்படி வைத்தால் கண்ணுக்கும் எட்டிவிடும். இந்த இழுபறியைத் தீர்த்துவைக்கும் பொருள்தான் உறை.

தமிழில் ‘உறை’ என்பது மூடியைக் குறிக்கும் பெயர்ச்சொல். ‘தங்கியிரு’ என்னும் பொருள்தரும் வினையும்கூட. இரண்டின் வேரும் ஒன்றா என்பதை வேர்ச்சொல் ஆய்வாளர்களிடம் விட்டுவிடலாம். துப்பாக்கி உறையைப் பொறுத்தவரை இரண்டு பொருளும் ஒருங்கே தேவைப்படுகின்றன. மூடுவது மட்டும் போதாது. ஆயுதம் ஓரிடத்தில் அசையாமல் தங்கவும் வேண்டும்.

நல்ல உறை செய்யவேண்டிய வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலாவது, விசையையும் விசைக்காப்பு வளையத்தையும் வேறெந்தப் பொருளும் தீண்டாதபடி முழுமையாக மூடுவது. இரண்டாவது, குனிந்தாலும் ஓடினாலும் விழுந்தாலும் ஆயுதத்தை நழுவவிடாமல் பற்றியிருப்பது. மூன்றாவது, பிடி எப்போதும் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் இருப்பது. நான்காவது, ஆயுதத்தைத் திரும்ப வைக்கும்போது வாய் மடங்காமல் திறந்திருப்பது. நெடுநாள் பயன்பாட்டில் நைந்து தொய்ந்த தோலுறையின் விளிம்பு விசைக்காப்பு வளையத்துக்குள் மடிந்து விசையை அழுத்திவிடக்கூடும். வியர்வையும் உப்பும் ஊறிய தோல் உலோகத்தில் துருவேற்றும். வெப்பத்தால் வார்க்கப்படும் கைடெக்ஸ் போன்ற விறைத்த நெகிழி இக்குறைகளைப் பெரிதும் தவிர்க்கும். ஆனால் இந்தியக் கோடையில் அது இடுப்பை அறுக்கும்.

வசதி என்பது இந்த வரிசையின் இறுதியில் வருவது. ஆயினும் அதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. உறுத்தும் உறையை எவரும் நெடுநேரம் அணிவதில்லை. இரண்டு மணிநேரப் பயணத்தில் விலாவை அழுத்தும் உறை கழற்றப்படுகிறது. ஆயுதம் கைப்பைக்கோ, காரின் முன்னறைக்கோ, தலையணையின் அடிக்கோ போகிறது. விபத்து காத்திருக்கும் இடங்கள் அவைதான். ஆகவே வசதியின்மையும் ஒரு பாதுகாப்புக் குறைபாடே. உறையின் வசதியைக் குறித்துக் கேட்பவரை நகைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. கேட்கவேண்டியது, யாருடைய வசதி என்பதுதான்.

புழக்கத்தில் உள்ள பெரும்பாலான உறைகள் தடித்த இடைவாரும் கால்சட்டையும் அணிந்த உடலை முன்னிறுத்தி உருவானவை. இடைவார்தான் எடையைத் தாங்குகிறது. உறையைச் சாயாமல் நிறுத்துவதும் அதுவே. புடவையில் இடைவார் இல்லை. சல்வாரின் நாடா அரைக்கிலோ உலோகத்தைத் தாங்காது. தாங்கினாலும் ஆயுதம் தொங்கி ஆடும். குர்த்தாவை உயர்த்தி, துப்பட்டாவை விலக்கி, பிறகு பிடியைத் தேடுவது நெருக்கடியில் நடக்கக்கூடிய செயலன்று. நாள்தோறும் இவ்வாடைகளை அணிபவளுக்கு எஞ்சுவது கைப்பை ஒன்றே.

இதில் கான்பூரின் முரண் கவனிக்கத்தக்கது. ரிவால்வர் பிறந்த அதே நகரம் இந்தியாவின் தோல் தலைநகரங்களுள் ஒன்று. ஜாஜ்மவ் பகுதியின் தோல் பதனிடும் ஆலைகள் பெயர்பெற்றவை. படைக்குச் சேணமும் தோற்பொருளும் செய்ய 19ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட அரசுத் தொழிற்சாலையும் அங்கேயே இருக்கிறது. 2021இல் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, அது சேர்ந்த நிறுவனத்துக்கு இடப்பட்ட பெயர் ‘ட்ரூப் கம்ஃபர்ட்ஸ்’. படைவீரரின் வசதிக்கென ஒரு நிறுவனமே இயங்கும் ஊரில், பெண்ணுக்கென்று விற்ற ஆயுதத்துக்கு நகைப்பேழையைத்தான் நினைக்க முடிந்தது.

கைப்பை ஏன் மோசமான இடம்? அது உடலோடு பிணைக்கப்பட்டதன்று. பறிக்கப்படும், மறக்கப்படும், பிறர் கைக்குப் போகும். சாவிக்கொத்தும் பேனாவும் விசையருகே உலவும். 2014 டிசம்பரில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், ஓர் அங்காடியில் பொருள் வாங்கிக்கொண்டிருந்த தாயின் கைப்பைக்குள் இரண்டு வயதுக் குழந்தை கைவிட்டது. உள்ளிருந்த துப்பாக்கி வெடித்துத் தாய் இறந்தாள். துப்பாக்கிக்கென்றே தனியறை வைத்துத் தைக்கப்பட்ட பை அது. இந்தியாவில், 2024 அக்டோபர் 1 அன்று, நடிகர் கோவிந்தாவின் உரிமம் பெற்ற ரிவால்வர் மும்பையில் அவர் வீட்டிலேயே தவறுதலாக வெடித்து அவரது காலைக் காயப்படுத்தியது. இரண்டிலும் எதிரி என்று எவரும் இல்லை. ஆயுதம் உடலோடும் உறையோடும் பிணைந்திராத ஒரு கணமே போதுமானதாயிருந்தது.

இந்திய உடைக்கும் ஆயுதத்துக்கும் பொருந்தாது என்று முடிவுகட்டுவதும் தவறு. அமிர்தம் பெற்ற சீக்கியர்கள் கிர்பானை ‘காத்ரா’ என்னும் தோள்வாரில் அணிகின்றனர். ஆண்களும் பெண்களும், ஆடையின் மேலோ உள்ளோ. அதற்கு இடைவார் தேவையில்லை. எடையைத் தோள் ஏற்கிறது. கிர்பானுக்கு விசை இல்லை என்பதால் ஒப்புமையை அதற்குமேல் நீட்ட இயலாது. ஆயினும் நாள் முழுதும் அணிவதை முதன்மையாகக் கொண்டால் உடலுக்கேற்ற தாங்கி உருவாகும் என்பதற்கு அது சான்று. நிர்பீக்கின் வடிவமைப்பில் எடை குறைப்பு மட்டுமே பெண்ணுடலுக்கான சலுகையாகக் கருதப்பட்டது.

ஆபத்தில் வாழும் பெண்ணிடம் உறையின் நுணுக்கங்களைப் பேசுவது அவள் தற்காப்பு உரிமையைத் தட்டிக்கழிக்கும் தந்திரம் என்று சிலர் வாதிடக்கூடும். அந்த ஐயத்தில் நியாயம் உண்டு. ஆனால் பாதுகாப்பாக அணிய வழியில்லாத ஆயுதத்தை உரிமை என்ற பெயரில் கையளிப்பதுதான் பெரிய தட்டிக்கழிப்பு. தெருவிளக்கு, இரவுப் பேருந்து, காவல் நிலையத்தில் தாமதமின்றிப் பதிவாகும் புகார் ஆகியவற்றுக்கான பொறுப்பு அரசின் தோளிலிருந்து இறங்கி அவள் கைப்பைக்குள் போய்விடுகிறது.

செய்யக்கூடியவை எளியவை. உரிமம் கோருவோர் ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி பெறவேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் விதிகள் ஏற்கெனவே கூறுகின்றன. அப்பயிற்சியில், விண்ணப்பதாரர் அன்றாடம் அணியும் உடையிலேயே, குண்டு நிரப்பாத ஆயுதத்தை உறையிலிருந்து எடுத்துத் திரும்ப வைத்துக்காட்டுவதைக் கட்டாயமாக்கலாம். விசையை முழுதும் மூடாத உறையை விற்பனையிலிருந்து விலக்கலாம். உடலோடு பிணைந்த உறையையும் பையையும் ஒரே தட்டில் வைக்கும் விதியை மறுபரிசீலனை செய்யலாம். இவற்றுக்குப் பிறகும் ஒருவரின் உடைக்கும் வாழ்க்கைக்கும் பொருந்தும் உறை கிடைக்கவில்லையெனில், அந்த ஆயுதம் அவர் நாள்தோறும் சுமக்கத்தக்கதன்று என்பதை உரிமம் தரும் அதிகாரி வெளிப்படையாகச் சொல்லவேண்டும்.

ஓர் ஆயுதத்துக்கு ‘அச்சமற்ற’ என்று பெயரிடுவது எளிது. அதைச் சுமப்பவளும் அவள் மடியில் உறங்கும் குழந்தையும் அச்சமின்றி இருப்பார்களா என்பதை அந்தப் பெயர் தீர்மானிப்பதில்லை. விசையை மூடி, ஆயுதத்தை அசையாது பற்றி, மாலைவரை உறுத்தாமல் உடலோடு கிடக்கும் ஓர் உறை தீர்மானிக்கிறது. அந்த உறையைத் தராதவர்கள் துப்பாக்கியை விற்க அவசரப்பட்டிருக்க வேண்டியதில்லை.