உள்பக்கப் பேடு மட்டும் தேய்கிறதே, ஏன்?

கேள்வி: மீனும் காய்கறியும் ஏற்றிச் செல்ல, நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் உள்ள பழைய வேன் வைத்திருக்கிறோம். பின்சக்கரங்களில் பேடு மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை. இடது பக்கத்தில் உள் பேடு மட்டும் தகடுவரை தேய்ந்துவிட்டது. சக்கரமும் கொதிக்கிறது. காலிப்பரையே மாற்ற வேண்டுமா?
– வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: முதலில், அந்தச் சக்கரத்தோடு இனி சுமை ஏற்றாதீர்கள். சூடு மிஞ்சினால் பிரேக் ஆயில் கொதித்து, மிதித்தாலும் வண்டி நிற்காது.

காலிப்பர் இரண்டு கைடு பின்களின் மேல் நழுவினால்தான் இரண்டு பேடும் டிஸ்க்கைச் சமமாகப் பிடிக்கும். ரப்பர் உறை கிழிந்திருந்தால், கடற்காற்றும் மீன் பெட்டியில் வடியும் உப்புத் தண்ணீரும் உள்ளே போய் அந்தப் பின்கள் துருவேறி இறுகிவிடும். பிறகு பிஸ்டன் பக்கத்துப் பேடு மட்டுமே தேயும். பேடை மட்டும் மாற்றினால் மறுபடியும் இதே கதைதான்.

பிரேக் வேலை பழக்கமில்லை என்றால் மெக்கானிக்கை வைத்தே செய்யுங்கள். சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியோடு ஸ்டாண்டும் வைத்த பிறகே ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டும். கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். கைடு பின்கள் கையால் தள்ளினால் நகர வேண்டும். இறுகியிருந்தால் பின், ரப்பர் உறை, கிளிப் மூன்றையும் புதிதாகப் போடுங்கள். துளையைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைத்துவிடும்.

ஹேண்ட் பிரேக் கேபிள் காலிப்பரிலேயே மாட்டியிருந்தால், பெரும்பாலும் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். கிளாம்ப் வைத்து அழுத்தினால் உள்ளிருக்கும் திருகு பாழாகும்.

பிஸ்டன் துருவேறியிருந்தாலோ, ஆயில் கசிந்தாலோ மட்டும் காலிப்பரை மாற்றுங்கள். இடதும் வலதும் மாறிவிடக் கூடாது. காற்று எடுக்கும் நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும். கீழே இருந்தால் உள்ளே காற்று தங்கிவிடும்.

புதுப் பேடுகளை இரண்டு பின்சக்கரத்துக்கும் சேர்த்தே போடுங்கள். வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். மறந்தால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. பிறகு சுமையில்லாமல் மெதுவாக ஓட்டிப் பார்த்து, இரு சக்கரத்தின் சூடும் ஒன்றுபோல இருக்கிறதா என்று கவனியுங்கள்.

மீன் ஏற்றிய நாளில், சக்கரம் ஆறிய பிறகு நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். உப்பு தங்காமல் இருந்தாலே பாதிச் செலவு மிச்சம்.