நாலு மணிக்கு மேல யாரு பாத்துக்கறது?

போன வாரம் ஒரு சாயங்காலம், பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்து கதவைத் தட்டுச்சு. ஆறாங்கிளாஸ் படிக்குது. இடுப்புல தம்பி. "மாமா, இவனைக் கொஞ்ச நேரம் வச்சுக்கறீங்களா? கணக்கு மட்டும் போட்டுட்டு வந்து தூக்கிக்கறேன்."

அம்மாவுக்கு இங்க மதுரையிலேயே ஒரு ஜவுளிக்கடையில வேலை. வீடு வந்து சேர ராத்திரி ஒன்பதரை ஆயிடும். அப்பா லோடு வண்டி ஓட்டுறார், வாரத்துல பாதி நாள் வெளியூர். தம்பிக்கு மூணு வயசு. பகல்ல அங்கன்வாடி இருக்கு. ஆனா அக்காவுக்குப் பள்ளிக்கூடம் விடறதுக்கு முன்னாடியே அதைப் பூட்டிடறாங்க. அதுவரைக்கும் அங்க இருக்கற ஆயாம்மா மனசு வச்சுப் பாத்துக்கறாங்க. அப்புறம் ராத்திரி வரைக்கும் இந்தப் பொண்ணுதான் அம்மா! அரைப்பரீட்சைக்கு முந்தி தம்பிக்குக் காய்ச்சல்னு நாலு நாள் பள்ளிக்கூடமே போகலையாம்.

அங்கன்வாடியைக் குறை சொல்ல வரலை. 1975 அக்டோபர் 2-ம் தேதி, நாடு முழுக்க 33 வட்டாரத்துல ஆரம்பிச்ச திட்டம். இன்னிக்குத் தமிழ்நாட்டுல மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேல மையம் இருக்கு. சாப்பாடு, எடை பாக்கறது, தடுப்பூசி, பாட்டு, கதைன்னு எத்தனையோ குழந்தைகளைக் காப்பாத்தியிருக்கு. ஆறு வயசுக்குள்ள 40 குழந்தைங்க இருந்தும் மையம் இல்லேன்னா, அந்தக் குடியிருப்பு ஜனங்களே கேட்டு வாங்கலாம்னு 2006 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. நல்ல விஷயம். ஆனா குழந்தைங்க தலையை எண்ணுனவங்க, அம்மா வீடு திரும்பற நேரத்தை எண்ணலை.

காப்பகச் சட்டங்களோ வேற மாதிரி. 1948 தொழிற்சாலைச் சட்டம் 30 பெண்களுக்கு மேல வேலை பாத்தா காப்பகம் வைக்கச் சொல்லுச்சு. 2017-ல மகப்பேறு சட்டத்தைத் திருத்துனப்போ 50 ஊழியர்னு வச்சாங்க. பன்னெண்டு பேர் வேலை பாக்கற கடை எந்தக் கணக்குல வரும்? பத்துப் பாத்திரம் தேய்க்கப் போறவங்க?

குழந்தைகளை எண்ணுன சட்டம்னு பாத்தா 2005-ல வந்த நூறு நாள் வேலைச் சட்டம். வேலைக்கு வர்ற பெண்களோட ஆறு வயசுக்குள்ள பிள்ளைங்க அஞ்சு பேர் இருந்தா, அந்தப் பெண்கள்லயே ஒருத்தர் பிள்ளைகளைப் பாத்துக்கணும், அவருக்கும் கூலி உண்டுன்னு எழுதுனாங்க. பிள்ளையைப் பாத்துக்கறதும் வேலைதான்னு ஒத்துக்கிட்டாங்களே, அதுதான் பெரிசு.

"பெத்தவங்க பாத்துக்க மாட்டாங்களா, பாட்டி எங்க போச்சு?"ன்னு சிலர் கேப்பாங்க. பாட்டியும் வேலைக்குத்தான் போகுதுங்க. சும்மா உக்காந்திருக்கற பாட்டியெல்லாம் சீரியல்லதான் :)

என் யோசனை இதுதான். புதுக் கட்டடம் எல்லாம் வேணாம். பூட்டிக் கிடக்கற அதே அங்கன்வாடியை ராத்திரி ஒன்பதரை வரைக்கும் திறந்து வைங்க. ஆனா அதை டீச்சர் தலையில கட்டாதீங்க. ரிஜிஸ்டர், கணக்கெடுப்பு, செல்போன்ல பதிவுன்னு அவங்க ஏற்கெனவே நொந்து போயிருக்காங்க. அதே தெருவுல ரெண்டு பெண்களுக்கு முறையா சம்பளம் குடுத்துப் போடுங்க. எங்க திறக்கணும்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி வீடு வீடாப் போய் மூணே கேள்வி கேளுங்க: எத்தனை மணிக்கு வேலைக்குப் போறீங்க, எத்தனை மணிக்கு வர்றீங்க, நடுவுல பிள்ளை யார்கிட்ட இருக்கு?

மூணாவது கேள்விக்கு எத்தனை வீட்டுல "அக்காகிட்ட"ன்னு பதில் வருதுன்னு எண்ணிப் பாருங்க. முதல்ல திறக்க வேண்டியது அந்தத் தெருவுலதான்.

அன்னிக்கு அந்தப் பொண்ணு கணக்கு முடிச்சுட்டு வர ஒரு மணி நேரம் ஆச்சு. அதுக்குள்ள தம்பி என் மூக்குக்கண்ணாடியை உடைச்சுட்டான், அது வேற கதை. ஒரு மணி நேரத்துக்கே எனக்கு நாக்கு தள்ளிடுச்சு. அந்தப் பொண்ணு தினமும் அஞ்சு மணி நேரம் பாக்குது. அதுக்கு வயசு பதினொண்ணு.