பழைய கணினியைத் தூக்கி எறிய வேண்டுமா?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. "நம்ம கணினி நன்றாகத்தானே ஓடுகிறது?" என்று பலர் கேட்கிறார்கள். ஓடும். ஆனால், இனி கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆளில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை தாக்கியபோது, அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. அதை நிறுவாத கணினிகளே பெருமளவில் முடங்கின. வங்கிக் கணக்கு, ஆதார், ஹஜ் விண்ணப்பம் என எல்லாமே கணினிக்குள் இருக்கும் காலத்தில் இது சிறிய விஷயமல்ல.

விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அது டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியையும், இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதலான செயலியையும் கேட்கிறது. தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்பகாலக் கணினிகள் இதில் தேறாது. ஓட்டப்பிடாரம் போன்ற மானாவாரிக் கரிசல் பூமியில், அண்ணன் வாங்கியதை வைத்துத் தம்பி தங்கைகள் படிக்கும் வீடுகளுக்குப் புதுக் கணினி பெரும் செலவு.

தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11ஐ ஏற்றவும் வழி உண்டு. ஆனால், அந்தக் கணினிகளுக்குப் புதுப்பிப்பு வருமென்ற உத்தரவாதமில்லை என்கிறது மைக்ரோசாஃப்ட். மிகப் பழைய செயலிகளில் 24எச்2 பதிப்பு தொடங்கவே செய்யாது.

பாதுகாப்பான வழிகள் இரண்டு. முதலாவது, 2026 அக்டோபர் 13 வரையிலான நீட்டிப்பு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அமைப்புகளை அதில் சேமித்தால் கட்டணமின்றிப் பெறலாம். இது தற்காலிக அவகாசம்தான்.

இரண்டாவது, லினக்ஸ். லினக்ஸ் மின்ட் இலவசம். 4 ஜிபி நினைவகம் இருந்தால் நன்றாக ஓடும். பென்டிரைவில் ஏற்றி, வன்தட்டைத் தொடாமலே சோதித்துப் பார்க்கலாம். டேலி போன்ற விண்டோஸ் மென்பொருட்கள் அதில் நேரடியாக ஓடாது என்பதை வியாபாரிகள் கவனிக்க வேண்டும். படிப்பு, இணையம், தமிழ்த் தட்டச்சுக்குக் குறையில்லை. கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் பாடம் நடத்துகின்றன. நம் விலையில்லா மடிக்கணினிகளிலும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸோடு சேர்த்தே தரப்பட்டது. நாம்தான் அதைத் திறந்து பார்க்கவில்லை.

எதைச் செய்வதற்கு முன்பும் படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் நகலெடுங்கள். கணினி தெரிந்த இளைஞர்கள் ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், ஒரு மஹல்லாவின் பல குடும்பங்கள் வீண்செலவிலிருந்து தப்பும். உழைக்கக்கூடிய பொருளைக் குப்பையில் போடுவதும் வீண்விரயம்தானே!